பிற சாதனங்கள்

புதிய பிரவுசரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒரே ஒரு வரியைத் தவிர. வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால் சரிந்து இறங்கும் பட்டியலில், 'வரலாறு', 'பதிவிறக்கங்கள்' என்பவற்றுக்கெல்லாம் அடியில், 'பிற சாதனங்கள்' என்று ஒரு வரி. அது மங்கலான சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்திருக்க வேண்டும். அன்று காலையில்தான் அவள் அந்தப் பிரவுசரை நிறுவியிருந்தாள். எந்தக் கணக்கையும் சேர்க்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் 'வேண்டாம்' என்றே அழுத்தியிருந்தாள். ஆனாலும் அந்த வரி கறுப்பாக, அழுத்தமாக இருந்தது. பக்கத்திலேயே ஒன்று என்ற எண்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தமும், மாடித் தொட்டி நிறைந்து குழாய்க்குள் காற்று குடுகுடுவென்று உருளும் சத்தமும், சமையலறைச் சுவரிலிருந்து நான்கு மாதமாகப் போகாத ஈரச் சிமெண்டின் வாடையும் தவிர வீட்டில் வேறொன்றும் இல்லை. அவள் அந்த வரியை அழுத்தவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் தொழில். ஒரு மருத்துவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருவர் வாயில் எதையாவது மென்றுகொண்டே, யாருக்கோ முதுகெலும்பு நொறுங்கியதைச் சொல்வார். பதினோரு வருடப் பழக்கத்தில் அவளுக்கு எதைக் கேட்டாலும் விரல் தடுமாறுவதில்லை. போன வாரம் அலுவலகத்திலிருந்து கண்டிப்பாக ஒரு கடிதம் வந்தது. எல்லோரும் பழைய பிரவுசரைக் கைவிட வேண்டும், அதற்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, வேகமான, பத்திரமான வேறொன்றை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும்.

அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தப் பழைய பிரவுசரை அவள் அடியோடு வெறுத்தாள்.

தேர்ந்தெடுக்க உதவியவன் கொழுந்தன். இறந்துபோன கணவனின் ஒரே தம்பி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினிப் பிரிவில் இருந்தான். அண்ணன் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து, பல்பு மாற்றுவது, சிலிண்டர் தூக்கி வைப்பது என்று ஏதாவது செய்துவிட்டுப் போவான். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். ஒரு தாளில் நான்கு பிரவுசர்களின் பெயரை எழுதி அவள் முன்னால் வைத்தான்.

"வேகமா ஓடுதுன்னு மட்டும் பாத்து எடுக்காதீங்க அண்ணி. ஓட்டை ஒண்ணு தெரிஞ்சா எத்தனை நாள்ல அடைக்கறாங்கன்னு பாக்கணும். ஓசியில குடுக்கறவன் நம்மகிட்டேருந்து எதை எடுத்துக்கறான்னு பாக்கணும்."

"நான் என்ன தேடினேன், யார்கூட பேசினேன்னு யாருக்கும் தெரியக்கூடாது தம்பி. அது போதும்."

அவன் சிரித்தான். "நீங்க தேடறது எல்லாம் மாத்திரை பேரும் எலும்பு பேரும். அதை எவன் திருடிட்டுப் போய் என்ன பண்ணப் போறான்?"

இரண்டு பெயர்களை அடித்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டைக் காட்டினான். இரண்டும் பத்திரம்தான், ஒன்று மட்டும் சற்று மெதுவாக ஓடும், இன்னொன்று நினைப்பதற்குள் பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்றான். அவள் வேகமானதை எடுத்தாள்.

பழைய பிரவுசரை அவள் ஏன் வெறுத்தாள் என்பதை அவனிடம் சொல்ல முடியாது. அது அவளைக் காட்டிக் கொடுத்தது. நான்கு மாதம் முன்பு ஒரு காலையில், அவள் கணவன் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் கிளம்பினான். எந்நேரமும் தலையில் தொப்பி வைத்திருப்பான் என்பதால் வீட்டிலும் வெளியிலும் அவனுக்குத் தொப்பி என்றே பெயர். இறங்குவதற்கு முன் பாசியை எப்படிச் சுரண்டுவது என்று பார்க்க அவள் கணினியில் உட்கார்ந்தான். 'பா' என்று முதல் எழுத்தைத் தட்டியதும், பிரவுசர் முந்திக்கொண்டு மிச்சத்தைத் தானே எழுதியது. அவளோடு முன்பு வேலை பார்த்த ஒருவனின் பெயரை. கடிதங்கள் திறந்தன. ஒன்றரை வருடக் கடிதங்கள்.

தொப்பி கத்தவில்லை. கை ஓங்கவில்லை. எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். "கீழ வேலைய முடிச்சிட்டு வரேன். அப்புறம் உக்காந்து பேசுவோம்," என்றான். குரலில் கோபமே இல்லை. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடித்திருந்தால் அழுதிருப்பாள். அவன் மன்னித்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மிச்சமிருக்கும் வருடங்கள் முழுக்க அந்த மன்னிப்போடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்கினான். அவள் இரும்பு மூடியைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

பிறகு உள்ளே வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு குறிப்புகளைத் தட்டச்சு செய்தாள். அன்றைய வேலையில் ஒரு பிழைகூட இல்லை என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். அதன்பின் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரரிடம் மழை வருமா வராதா என்று நின்று பேசினாள். திரும்பி வந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அலறினாள். தொட்டிக்குள் கெட்ட காற்று, மூடி தவறி விழுந்திருக்கும் என்றார்கள். போன் மட்டும் கிடைக்கவில்லை. சகதியோடு சேர்த்து வாரிக் கொட்டியிருப்பார்கள் என்றார்கள். கடிதம் எழுதியவன் ஒரே ஒரு வரி ஆறுதல் எழுதினான். அதோடு சரி, திரும்ப எழுதவேயில்லை.

ஹெட்போனில் மருத்துவர் இருமினார். அவள் விரல் தானாக மூன்று புள்ளிகளிடம் போயிற்று. 'பிற சாதனங்கள்' வரியை அழுத்தினாள்.

தொப்பி. இப்போது செயலில் உள்ளது.

தம்பிக்காரன் விளையாட்டாக அண்ணன் போனுக்கு வைத்துக் கொடுத்த பெயர் அது. அதன் கீழே ஒரு பக்கம் திறந்திருந்தது. ஒரு தேடல். 'இரும்பு மூடியின் தாழ்ப்பாள் தானாக விழுமா.'

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். மழை சத்தம் குப்பென்று காதில் விழுந்தது. பழைய தேடல், எங்கேயோ தங்கியிருந்து இப்போது வருகிறது, இதற்கெல்லாம் கொழுந்தன் ஒரு பெயர் சொல்வான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொட்டிக்குள் சிக்னல் கிடையாது. தட்டியதெல்லாம் போகாமல் போனிலேயே நின்றிருக்கும். போன் எங்கேயோ குப்பை மேட்டில், யார் கையிலோ உயிர் பெற்றிருக்கும். அப்படித்தான் இருக்கும். நான்கு மாதம் சகதியில் ஊறிய போனை எவன் எடுத்து என்ன செய்தான் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

பக்கத்திலேயே 'சாதனத்தை நீக்கு' என்று இருந்தது. அழுத்தினாள். தொப்பி மறைந்தது. மூச்சு விட்டாள். சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தாள். வாயருகே கொண்டுபோனதும் இரும்பு வாடை அடித்தது. குடிக்காமல் கொட்டிவிட்டு வந்தாள்.

தொப்பி. இப்போது செயலில் உள்ளது. இரண்டு பக்கங்கள்.

'சிக்னல் இல்லாமல் அவசர அழைப்பு செய்வது எப்படி.'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது.

'காதில் ஹெட்போன் போட்டிருந்தால் தட்டும் சத்தம் கேட்குமா.'

அங்கே, அந்த இருட்டில், முழங்காலளவு சகதித் தண்ணீரில் நின்றுகொண்டு, அவளுக்காக ஒரு சாக்கு தேடியிருக்கிறான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, காதில் விழவில்லை, அவ்வளவுதான் என்று நம்பப் பார்த்திருக்கிறான். அவன் எப்போதும் அப்படித்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. நான்கு மாதம் கழித்தும் அதே எரிச்சல்தான் வந்தது.

பிரவுசரை அப்படியே கணினியிலிருந்து நீக்கினாள். அந்தத் தாளைத் தேடியெடுத்து, மெதுவாக ஓடும் என்று கொழுந்தன் சொன்ன இரண்டாவது பிரவுசரை இறக்கினாள். கோடு மெதுவாக நகர்ந்தது. வீட்டில் விளக்கு ஒருமுறை துடித்து நின்றது. குளியலறையில் ஏதோ களக் களக் என்றது, வடிகால் வழியாக நீர் போவதுபோல. இல்லை, வருவதுபோல. எழுந்து பார்க்கவில்லை. நிறுவி முடித்து, எதையும் தேடாமல், நேராக மூன்று புள்ளிகளுக்குப் போனாள்.

நான்கு பக்கங்கள்.

'மூடிய தொட்டியில் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் காற்று.'

பிறகு ஐந்து.

'மூடி இடுக்கில் அவள் செருப்பு தெரிகிறது ஏன் திறக்கவில்லை.'

இது யாருக்கும் தெரியாது. கடைக்குப் போகும்முன் ஒருமுறை அவள் தொட்டியருகே வந்து நின்றாள். உள்ளே சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்க. நிற்கவில்லை. நகத்தால் சுரண்டும் சத்தம் இருந்தது. அது நிற்கும்வரை நின்றாள்.

போன் அடித்தது. மேசை மேல் அவளுடைய போன். கொழுந்தன்.

எடுக்காமல் விடலாம். விட்டால் இன்னும் பத்து முறை அடிப்பான், பதினோராவது தடவை ஆட்டோ பிடித்து வந்து நிற்பான். எடுத்தாள்.

"அண்ணி, அண்ணன் போன் கிடைச்சுதா?"

"இல்லையே. ஏன் தம்பி?"

"எனக்கு ஒரு அறிவிப்பு வந்துச்சு. அண்ணன் கணக்கை நான்தானே தொடங்கிக் குடுத்தேன், என் நம்பரைத்தான் குடுத்திருந்தோம். அதுல புதுசா ஒரு கம்ப்யூட்டர் நுழைஞ்சிருக்குன்னு சொல்லுது. உங்க கம்ப்யூட்டர்."

"நான் ஒண்ணும் பண்ணல. வேணாம் வேணாம்னுதான் அழுத்தினேன்."

"தெரியும். நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க. இருங்க, நான் இங்கேருந்தே உங்க திரையைப் பாக்கறேன். ஒரு கட்டம் வரும், சரின்னு மட்டும் அழுத்துங்க."

"இப்ப வேணாம் தம்பி. வேலை இருக்கு."

"ரெண்டு நிமிஷம். அண்ணி, அந்தப் போன்ல அண்ணன் எடுத்த படமெல்லாம் இருக்கும். அவன் குரல்கூட இருக்கும். எனக்காகப் பண்ணுங்க."

மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. கட்டம் வந்தது. அழுத்துவதற்குள் அவசரமாகப் பட்டியலைப் பார்த்தாள். ஐந்து தேடல்களும் இல்லை. துடைத்துவிட்டதுபோல் போயிருந்தன. 'படம்' என்று ஒரே ஒரு பக்கம். அவள் 'சரி' என்பதை அழுத்தினாள்.

மவுஸைத் தொடாமலே அம்புக்குறி நகரத் தொடங்கியது. அவன் அங்கிருந்து நகர்த்துகிறான். தெரிந்தும், அவள் மேசை மேலிருந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அட, ஆமா அண்ணி. தொப்பின்னே காட்டுது. செயல்லதான் இருக்கு." அவன் குரலில் குழந்தைக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். "ஒரு படம் இருக்கு. திறக்கறேன்."

மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகப் படம் இறங்கியது. முதலில் கறுப்பு. பிறகு கறுப்புக்கு நடுவே ஒரு சதுரம், கண் கூசும் வெள்ளை. வானம். சதுரத்தின் விளிம்பில் ஒரு தலை குனிந்து பார்த்தது. ஒரு கை இரும்பு மூடியின் மேல் இருந்தது.

அம்புக்குறி அந்தத் தலையின் மேல் போய் நின்றது.

"அண்ணி. இது நீங்க."

"அவர் இறங்கறப்ப எடுத்திருப்பார்."

"நீங்க அப்ப கடைக்குப் போயிருந்ததா சொன்னீங்க."

"இறங்கினதுக்கு அப்புறம்தான் போனேன்."

"இல்ல அண்ணி. அவன் இறங்கறதுக்கு முன்னாடியே போயிட்டேன்னீங்க. போலீஸ்லயும் அதான் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

பதினோரு வருடமாகப் பிறர் சொன்னதைத் தடுமாறாமல் எழுதிய விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன. மழை விட்டிருந்தது. எப்போது விட்டது என்று தெரியவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில், போனில் அவன் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சு மாறிக்கொண்டிருப்பதும் கேட்டது.

"மூடி மேல கை எதுக்கு அண்ணி வெச்சிருக்கீங்க?"

படம் மாறியது.

"நான் எதையும் அழுத்தல," என்றான் அவன்.

இந்த முறை படம் மெதுவாக இறங்கவில்லை. சட்டென்று வந்து நின்றது. குறுகலான, வட்டமான ஏதோ ஒன்றின் உட்புறம். வழவழவென்று பாசி. தூரத்தில் நாணயம் அளவுக்கு வெளிச்சம்.

"இது என்னது? குழாயா?"

அடுத்த படம் வந்தது. துளைகள். வரிசையாகச் சின்னச் சின்ன வட்டத் துளைகள், அவற்றின் வழியே மேலே மஞ்சள் விளக்கு, நீல பக்கெட்டின் அடிப்பாகம், தொங்கும் துண்டின் நுனி. அவளுக்கு அந்தத் துண்டைத் தெரியும். காலையில் போட்டது. குளியலறை வடிகாலுக்குக் கீழிருந்து பார்த்தால் அது அப்படித்தான் தெரியும்.

குளியலறையில் வடிகாலை மூடியிருந்த தகரத் தட்டு நகர்ந்தது. ஒரே ஒரு தரம். தரையில் உரசி.

"அண்ணி, அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"சத்தம் கேட்டுச்சு."

"யாரும் இல்ல தம்பி."

அடுத்த படம். கூடத்துத் தரை, தரை மட்டத்திலிருந்து. ஓடுகள் நீளமாக, ஈரமாக மின்னின. தூரத்தில் நாற்காலியின் நான்கு கால்கள்.

ஓட வேண்டும். எழுந்து ஓட வேண்டும். வாசல் பத்தடி. வாசலுக்குப் போக அந்தத் தரையைக் கடக்க வேண்டும். அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. திரையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஈரச் சிமெண்ட் வாடை. சகதி. அதற்குள் வேறொரு வாடை, அவள் பதினான்கு வருடம் தலையணையில் முகர்ந்தது.

கொழுந்தன் மெல்லிய குரலில் பேசினான். "நீங்கதான் மூடினீங்க. இல்லையா அண்ணி?"

"வந்துடு," என்றாள் அவள். "வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. எல்லாத்தையும் சொல்றேன். இப்பவே வா."

அவன் வரவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. போனைத் துண்டிக்கவும் இல்லை. அங்கே, தன் திரையின் முன்னால், பார்த்துக்கொண்டே இருந்தான். அம்புக்குறி ஓரமாக நகர்ந்து நின்றது. படத்தை மறைக்காமல் இருக்க.

அடுத்த படம்.

மேசைக்கு அடியில். மரத்தின் அடிப்பக்கம், ஒட்டிய சூயிங்கம், தொங்கும் கம்பிகள். நடுவில் இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள், ஒன்றன்மேல் ஒன்று போட்டு, விரல்கள் உள்ளே மடங்கி. மிக அருகில்.

அவள் காலை மேலே தூக்க நினைத்தாள். கால் கேட்கவில்லை.

படம் இன்னொரு முறை மாறியது. அதே பாதங்கள். இப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்திருந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் கையுறைபோல் தளர்ந்து. விரல் நுனிகளில் நகம் இல்லை. நகம் இருந்த இடத்தில் எலும்பு வரை தேய்ந்திருந்தது. ஐந்து விரல்களும் அவள் இடது கணுக்காலைச் சுற்றி இறுக மூடியிருந்தன.

காலில் இன்னும் எதுவும் படவில்லை. படம் முந்திக்கொண்டு வந்திருந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, அதற்காக உட்கார்ந்திருந்தாள்.